பழைய சமையலறைச் சிம்னியைச் சீர்செய்வதா, மாற்றுவதா? செங்கோட்டைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கி வரும் செங்கோட்டை, புளியரை, பண்பொழி வட்டாரத்தில், சமையலறைச் சிம்னியைப் பற்றிய புகார்கள் ஆனி, ஆடி மாதங்களில்தான் அதிகம் எழுகின்றன. வெயில் காலத்தில் ஓரளவு இழுத்துக்கொண்டிருந்த இயந்திரம், சாரல் தொடங்கியதும் புகையைத் திருப்பி முகத்தில் அடிக்கும். குழாய்க்குள் இருக்கும் தகடு படபடவென்று அடித்துக்கொள்ளும். மழை வலுத்த நாளில் எண்ணெய் கலந்த பழுப்பு நீர் அடுப்பின்மேல் சொட்டும். பெட்டி பழசாகிவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது ஒன்றை வாங்கி, அதே ஓட்டையில் அதே குழாயோடு மாட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அடுத்த ஆடியில் அதே தொல்லை திரும்பி வரும். ஆகவே, பெட்டியில் கைவைப்பதற்கு முன் குழாயையும், அது வீட்டுக்கு வெளியே திறக்கும் வாயையும் பாருங்கள் என்பதே இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது.

சிம்னியை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும். கீழே எண்ணெயைப் பிடிக்கும் வடிகட்டியும் அது வடியும் கிண்ணமும் இருக்கின்றன. நடுவில் மோட்டாரும், அதன் அச்சில் மாட்டிய காற்றாடிச் சக்கரமும் இருக்கின்றன. மேலே ஃபிளாப் எனப்படும் மடிப்புத் தகடும், அதற்கு அப்பால் குழாயும் வெளிவாயும் இருக்கின்றன. இம்மூன்றில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் இழுவை குறையும் என்பதால், எது பழுது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது.

எது பழுது என்று கண்டுபிடித்தல்

கேஸ் அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரையும் மூடிவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள். சிம்னியை அதிக வேகத்தில் ஓடவிட்டு, செய்தித்தாளில் அரைப்பக்கத்தை மடிக்காமல் வடிகட்டியின் அடியில் பிடித்துக் கையை விடுங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நின்றால் இழுவை போதுமானது. வழுக்கி விழுந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். மின்சாரத்தை நிறுத்தி வடிகட்டியைக் கழற்றிய பிறகு தாளைப் பயன்படுத்தாதீர்கள், சக்கரம் அதை உள்ளே இழுத்துவிடும். ஒரு நீளமான குச்சியின் நுனியில் நாலு விரல் நீளத்துக்கு நூலைக் கட்டி, மீண்டும் ஓடவிட்டு, திறப்புக்கு ஒரு சாண் கீழே பிடித்துப் பாருங்கள். நூல் விறைத்து மேல்நோக்கி நின்றால் குற்றம் வடிகட்டியில்தான், கழுவினால் போதும்.

நூல் சோம்பலாகத் தொங்கினால், மறுபடி மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியின் தலையில் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்திக் குழாயைக் கழற்றிவிட்டு மூன்றாவது முறை ஓட்டுங்கள். பெட்டியின்மேல் பழைய எண்ணெய் தெறிக்கக்கூடும், சுற்றிலும் தாள் விரித்துக்கொள்வது நல்லது. குழாயில்லாமல் இழுவை கணிசமாகக் கூடினால், உங்கள் மோட்டாரில் குறையில்லை. அடைப்பு குழாயிலோ வெளிவாயிலோ இருக்கிறது. அப்போதும் கூடாவிட்டால்தான் மோட்டாரையும் சக்கரத்தையும் சந்தேகிக்க வேண்டும். இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: அடுப்புக்கு எதிர்ப்புறத்து ஜன்னலைத் திறந்ததும் நூல் விறைக்கிறதா? விறைத்தால், வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரக் காற்றில்லை என்று பொருள். சாரலுக்குப் பயந்து எல்லாக் கதவையும் அடைத்துவைக்கும் மாதங்களில் இது சாதாரணமாக நடப்பது. எந்தப் பெட்டியை வாங்கினாலும் இது தீராது.

எண்ணெய்க்கு எண்ணெய் கழுவும் முறை மாறும்

நம் எல்லையோரத்து அடுக்களைகளில் இரண்டு பழக்கமும் கலந்திருக்கின்றன. மீன் பொரிக்கவும் ஏத்தங்காய் வறுக்கவும் தேங்காய் எண்ணெய், அன்றாடத் தாளிப்புக்குச் சூரியகாந்தி எண்ணெய் அல்லது கடலை எண்ணெய் என்று பல வீடுகளில் நடக்கும். இவை வடிகட்டியில் படியும் விதம் வேறு வேறு. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. அது காற்றோடு சேர்ந்து எளிதில் பிசினாவதில்லை. ஆனால் 24 டிகிரி செல்சியஸ் அளவில் உறைந்துவிடும். சாரல் காலத்து விடியற்காலையில் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால், துளைகளின் ஓரமெல்லாம் வெள்ளை மெழுகு பூசியதைப் போல் இருப்பதற்கு இதுவே காரணம். சூரியகாந்தி எண்ணெயோ நாளடைவில் இறுகித் தேன் நிறப் படலமாக மாறும். நகத்தால் சுரண்டினாலும் வராது.

உறைந்த தேங்காய் எண்ணெய்க்குக் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரும் பாத்திரம் துலக்கும் திரவமும் போதும். அகலமான அண்டாவில் கால் மணி நேரம் ஊறவைத்து மென்மையான தூரிகையால் தேயுங்கள். பிசினாக இறுகியதற்குச் சலவைச் சோடா கரைத்த வெந்நீர் வேண்டும், ஆனால் அது எவர்சில்வர் வடிகட்டிக்கு மட்டும்தான். அலுமினிய வலைக்குச் சலவைச் சோடாவே ஆகாது, வலை கறுத்துவிடும். காஸ்டிக் சோடாவை அலுமினியத்தின்மேல் ஊற்றினால் உலோகம் அரிப்பதோடு எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். மண்ணெண்ணெயில் துடைக்கும் பழக்கமும் அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் பொருளுக்கு ஏற்றதன்று. கழுவியதை நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் வகைச் சிம்னிகளில், சக்கரத்தைச் சுற்றியுள்ள கூட்டைச் சூடாக்கிக் கொழுப்பை உருக்கிக் கிண்ணத்தில் வடியவிடும் ஏற்பாடு இருக்கிறது. உறையும் கொழுப்புக்கு அது உதவும். பிசினாக இறுகிய படலத்தை அது உருக்காது. ஆகவே அந்தப் பொத்தானை நம்பி ஆண்டுக்கணக்கில் திறந்து பார்க்காமல் விடக் கூடாது.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உயர்வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் ஆவியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்னும் 2ஏ பிரிவில் 2010-ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியில் வைத்திருக்கிறது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் 175 டிகிரி அளவிலேயே புகையத் தொடங்கும்; பொரியலுக்கு நாம் காய்ச்சும் சூடு பெரும்பாலும் அதை ஒட்டியேதான் இருக்கும். அந்தப் புகை அடுப்பருகில் நிற்பவர் நெஞ்சுக்குள் போகாமல் வெளியே போக வேண்டும்.

மோட்டாரைத் திறந்து பார்த்தல்

மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே இதைத் தொடங்க வேண்டும். சக்கரத்தை விரலால் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் சில சுற்றுகள் ஓடி நின்றால் நல்லது. கரகரவென்று உரசினாலும், அச்சு மேலும் கீழும் ஆடினாலும் பேரிங் அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டார் கட்டும் கடையில் அதை மாற்றித் தருவார்கள். சக்கரம் எளிதாகச் சுழல்கிறது, ஆனால் சுவிட்சைப் போட்டால் உறுமுகிறதே தவிர ஓடவில்லை என்றால், பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். கையால் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்குவது அதற்கு இன்னொரு அடையாளம் என்றாலும், மின்சாரம் ஓடும்போது அப்படித் தள்ளிப் பார்க்காதீர்கள். கெப்பாசிட்டரின் பக்கவாட்டில் மைக்ரோஃபேரட் அளவும் வோல்ட் அளவும் அச்சிட்டிருக்கும். மைக்ரோஃபேரட் அதே அளவாகவும், வோல்ட் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கும்படி வாங்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால், இந்த ஒரு வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே சரி.

சக்கரத்தைக் கழற்றிக் கழுவ நினைப்பவர்கள், நடுவிலுள்ள நட் பல மாடல்களில் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகப்பட்டிருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் மரை போய்விடும். அச்சிலும் சக்கரத்திலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, திருப்பி மாட்டும்போது கோட்டோடு கோடு பொருத்துங்கள். இதழ்களில் ஒரு பக்கம் மட்டும் அழுக்கு மிஞ்சியிருந்தால் எடை சாய்ந்து பெட்டி முழுவதும் அதிரும்.

மோட்டாரிலிருந்து கருகிய வாடை வந்தாலும், சக்கரக் கூடு துருவேறி ஓட்டை விழுந்திருந்தாலும், தொடுபலகையின் உதிரிபாகம் கிடைக்கவில்லை என்றாலும் மாற்றிவிடுவதே மேல். வெளித் தகட்டில் மட்டும் துரு என்றால் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி, வெப்பம் தாங்கும் எனாமல் அடிக்கலாம். வடிகட்டிக்கு மேலே, உட்புறத்தில் பெயின்ட் அடிக்க வேண்டாம். எரிந்துபோன விளக்குக்கு எல்.இ.டி. மாற்றுவது சிறு வேலை.

குழாயும் வெளிவாயும்

வேலைக்கு வருகிறவர் கையில் இருக்கும் குழாயைக் காட்டி, "நாலு இஞ்சே போதும் அண்ணாச்சி, எல்லா வீட்லயும் இதான் போடுதோம்" என்று சொல்லக்கூடும். ஒப்புக்கொள்ளாதீர்கள். பெட்டியின் தலைத் திறப்பு 6 அங்குலம் என்றால் குழாயும் கடைசிவரை 6 அங்குலமாகவே இருக்க வேண்டும். 4 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு 6 அங்குலக் குழாயினுடையதில் பாதிக்கும் குறைவு. காற்று நெரிபட்டு, சத்தம் கூடி, இழுவை சரிந்து, எண்ணெய் குழாயின் சுவரிலேயே படியும். 90 டிகிரி வளைவுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாயைப் பயன்படுத்தினால் முழுவதும் இழுத்து நீட்டி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். பிறகு தேவைப்படும் என்று சுருட்டி உள்ளே திணித்துவைத்த குழாயின் ஒவ்வொரு மடிப்பிலும் கொழுப்பு தேங்கும்.

பி.வி.சி. குழாய் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. சூட்டில் அது இளகும். உள்ளே படிந்த கொழுப்பில் தீப்பிடித்தால் தானும் எரிந்து, மூச்சைத் திணறவைக்கும் ஹைட்ரஜன் குளோரைடை வெளியிடும். தகரப் பட்டறையில் சொல்லி, துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் (ஜி.ஐ. தகடு) குழாய் செய்துகொள்வது நெடுநாள் உழைக்கும்.

குழாய் சுவரைத் தாண்டும் இடத்தில் வெளிப்பக்கமாக லேசான சரிவு கொடுங்கள். சாரல் தண்ணீரும் குழாய்க்குள் குளிர்ந்து இறங்கும் ஈரமும் அப்போதுதான் வெளியே வடியும். சரிவு உள்பக்கமாக இருக்கும் வீடுகளில்தான் அடுப்பின்மேல் பழுப்பு நீர் சொட்டுகிறது. இணைப்புகளை அலுமினிய டேப்பால் ஒட்ட வேண்டும். செல்லோடேப் ஒரு மாதம்கூடத் தாங்காது.

அடுத்தது திசை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வட்டாரத்தில் காற்று மேற்கிலிருந்து, மலைப்பக்கமிருந்து, விடாமல் தள்ளும். மேற்குச் சுவரில் நேராகத் திறந்த வாய், அந்தக் காற்றுக்கு எதிராக மோட்டாரை மல்லுக்கட்ட வைக்கிறது. இயன்றவரை வடக்கு அல்லது தெற்குச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். கிழக்குச் சுவரும் ஆகும், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை அடிக்கும் என்பதால் மூடி கட்டாயம். மேற்குச் சுவரைத் தவிர வேறு வழியில்லை என்றால், வாய் கீழ்நோக்கித் திரும்பிய கௌல் கவர் என்னும் மூடியை மாட்டுங்கள். எதிர்க்காற்றின் வேகம் அதில் பக்கவாட்டில் சிதறிவிடும். குருவியும் பல்லியும் குளவியும் நுழையாமல் இருக்க வலை போடுகிறவர்கள், விரல்நுனி நுழையும் அளவு அகலக் கண்ணுள்ள வலையாகப் போட வேண்டும். கொசுவலை போட்டால் சில வாரங்களில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அதை மூடிவிடும். பெட்டியின் தலையிலுள்ள ஃபிளாப்பை இந்தச் சமயத்தில் விரலால் தூக்கிப் பாருங்கள். பிசினில் ஒட்டிப் பாதி திறந்தே நிற்கும் ஃபிளாப்தான் சாரல் காற்றை நேராக அடுக்களைக்குள் விடுகிறது.

செங்கோட்டையின் பழைய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய நீள வீடுகள் உண்டு. அவற்றில் பக்கச் சுவரில் வாய் வைக்க இடமில்லை. அங்கே கொல்லைப்புறம்வரை நேராகக் குழாயைக் கொண்டுபோகலாம், அல்லது ஓட்டுக் கூரையைத் துளைத்து மேலே விடலாம். கூரை வழியாக விடுவதானால் ஓட்டைச் சுற்றித் தகடு மடித்து, மழை இறங்காதபடி மேலே குடை மூடி வைக்க வேண்டும். குழாயை மச்சில் கொண்டுபோய் அப்படியே விட்டுவிடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். உத்தரத்திலும் கைமரத்திலும் எண்ணெய் ஊறி, ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

விறகடுப்பு இருக்கும் வீடுகள்

நெல் அவிக்கவும், குளிக்க வெந்நீர் போடவும், விசேஷ நாள் சமையலுக்கும் விறகடுப்பை வைத்திருக்கும் வீடுகள் மலையோரத்தில் இன்றும் நிறைய. மக்களிடையே அறிவியலைப் பரப்பும் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் பரப்பிய புகையில்லா அடுப்பு எல்லைக்கு அந்தப் பக்கத்தில் பலருக்கும் பழக்கமானது. அத்தகைய அடுப்பின் புகைப்போக்கி, சூடான காற்று தானாக மேலேறுவதை நம்பி இயங்குகிறது. அதே அறையில் மின்சாரச் சிம்னி ஓடினால், அதன் இழுவை புகைப்போக்கியின் மென்மையான இழுவையைத் தோற்கடித்து, புகையையும் கார்பன் மோனாக்ஸைடையும் அறைக்குள் இறக்கிவிடும். விறகடுப்பு எரியும்போது சிம்னியை அணைத்து ஜன்னலைத் திறந்துவையுங்கள். விறகடுப்புக்கு மேலே மின்சாரச் சிம்னியை மாட்டவே கூடாது. பொறி பறந்து வடிகட்டியின் கொழுப்பில் விழும். செங்கல் புகைப்போக்கிக்குள் சிம்னிக் குழாயைச் செருகுவதும் அதே காரணத்தால் தவறு.

புதியது வாங்குவதானால்

கடையில் முதலில் காட்டப்படும் எண், மணிக்கு 1,200 கன மீட்டர் என்பது போன்ற இழுவை அளவு. உங்கள் தேவையை நீங்களே கணக்கிட்டுக்கொண்டு போங்கள். 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அடுக்களை 800 கன அடி, அதாவது ஏறத்தாழ 22.6 கன மீட்டர். அந்தக் காற்றை மணிக்கு 15 முறை மாற்ற 340 கன மீட்டர் போதும். பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் குழாயின் தடை இல்லாமல் கிடைக்கும் உச்ச அளவு. நீளமும் வளைவும் அதில் பெரும்பங்கை விழுங்கும் என்பதால், கணக்கில் வருவதைப் போல இரண்டு மடங்கு உள்ளதை எடுத்தால் தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தை நல்ல குழாய்க்குச் செலவிடுங்கள்.

மூன்று பர்னர் அடுப்புவரை 60 சென்டிமீட்டர் அகலமும், நான்கு பர்னருக்கு 90 சென்டிமீட்டரும் பொருந்தும். வலை வடிகட்டி, மசாலாவும் எண்ணெயும் அதிகம் புழங்கும் நம் சமையலில் சீக்கிரம் அடையும். வளைந்த தகடுகளால் ஆன எவர்சில்வர் பேஃபிள் வடிகட்டியை வீட்டிலேயே கழற்றிக் கழுவலாம் என்பதால் அதையே நான் பரிந்துரைப்பேன். வடிகட்டியே இல்லாத வகையில் எண்ணெய் முழுவதும் சக்கரத்தில்தான் போய் மோதும். அதைக் கழுவ ஆள் வர வேண்டும். குழாயில்லாமல் கரி வடிகட்டியோடு வரும் வகை வாடையைக் குறைக்குமே தவிர, சூட்டையும் நீராவியையும் வெளியேற்றாது; ஏற்கெனவே ஈரம் மிகுந்த சாரல் மாதங்களில் அது போதாது.

புனலூரில் வாங்கினாலும் தென்காசியில் வாங்கினாலும், உங்கள் வீட்டு முகவரிக்கு மாட்டித்தரவும் பழுதுபார்க்கவும் எந்த ஊரிலிருந்து ஆள் வருவார் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கழற்றி மாட்டுதல்

இருவராகச் செய்ய வேண்டிய வேலை இது. மின்சாரத்தை நிறுத்தி, சிலிண்டரை மூடி, அடுப்பை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, மேடையின்மேல் பழைய போர்வையை விரியுங்கள். வடிகட்டி, எண்ணெய்க் கிண்ணம், மேல்மூடித் தகடு, குழாய்க் கிளாம்ப் என்ற வரிசையில் கழற்றி, பெட்டிக்குள்ளிருந்து சுவரில் முடுக்கிய பாதுகாப்புத் திருகுகளை எடுத்த பிறகு, ஒருவர் அடியில் தாங்க, மற்றவர் சற்றே மேலே தூக்கிக் கொக்கியிலிருந்து விடுவிக்க வேண்டும்.

புதியதை மாட்டும் உயரம், அடுப்பின் மேல்தளத்திலிருந்து வடிகட்டியின் அடிவரை 65 முதல் 75 சென்டிமீட்டர். தயாரிப்பாளரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே இறுதி. சுண்ணாம்புக் காரைச் சுவரிலும் வெட்டுக்கல் சுவரிலும் திருகைப் பிடிக்கச் சுவரில் செருகும் சாதாரண பிளாஸ்டிக் ஃபிஷர் பிடிப்பதில்லை; துளையிடும்போது மாவாக உதிர்ந்தால் நிறுத்திவிட்டு, நீளமான ஆங்கர் போல்ட்டோ, சுவரைத் துளைத்துப் பின்னால் தகடு வைத்த போல்ட்டோ போடச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்குக்கு எர்த் உள்ள தனி பிளக் பாயின்ட், அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல் பெட்டியின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஈரக் காற்றில் உலோகப் பெட்டியைத் தொட்டு இயக்கும் கருவி இது. எர்த் பின்னை உடைத்து இரண்டு பின்னாக மாட்டுவது உயிரோடு விளையாடுவது.

மாட்டி முடித்ததும், செய்தித்தாள் சோதனையைக் குழாய் இணைத்த நிலையில் திரும்பச் செய்துபார்த்த பிறகே வேலைக்காரருக்கு முழுப் பணத்தையும் கொடுங்கள். அன்றைய காற்று மேற்கிலிருந்து வலுவாக அடித்தால் இன்னும் நல்லது.

வீட்டில் உள்ள அனைவருக்கும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவையுங்கள். வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் சிம்னியையும் அடுப்பையும் அணைத்து, வாணலியை மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. கேஸ் வாடை அடித்தால் அதை வெளியேற்றச் சிம்னியைப் போடக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். சுவிட்சில் எழும் பொறியே அதைப் பற்றவைத்துவிடும். கதவு ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

வடிகட்டியை மாதம் இருமுறையும், பொரியல் அதிகமுள்ள வீட்டில் வாரம் ஒருமுறையும் கழுவலாம். ஃபிளாப்பையும் வெளிவாயையும் வைகாசியில், சாரலுக்கு முன் ஒருமுறையும், புரட்டாசியில் ஒருமுறையும் பார்த்தால் போதும். கிண்ணத்தில் தேங்கிய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். உறைந்து குழாயை அடைக்கும். தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள். கழற்றிய பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன், மோட்டார் நல்ல நிலையில் இருந்தால் அதே மாடல் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். உதிரிபாகம் கிடைக்காமல் அலைகிறவருக்கு அது பயன்படும்.